தேருக்கு ரிவர்ஸ் கியர் இல்லை

மதுரை மாசி வீதிகளில் வழி தப்பினாலும் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுகிறேன். மகள் மனை பார்க்கும் புறநகரில் மட்டும் எந்தத் தெருவில் நுழைந்தாலும் சுவரில் முட்டுகிறதே, ஏன்? – வாசகர், திருமங்கலம்

தேருக்கு ரிவர்ஸ் கியர் கிடையாதே! அதனால் சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று எல்லா வீதிகளும் கோயிலைச் சுற்றி வந்து ஒன்றோடொன்று சேர்ந்தாக வேண்டும். மனை போடுகிறவருக்கோ அவருடைய நாலு ஏக்கர்தான் உலகம். பக்கத்து லேஅவுட்டின் முப்பதடி ரோடு காம்பவுண்டு வரை வந்து நின்றாலும், இவருடைய ரோடு மெயின் ரோட்டை மட்டும்தான் பார்க்கும். சுவருக்கு அந்தப் பக்கமே பால் கடை இருக்கும். ஆனால் ஒரு பாக்கெட் பாலுக்கு வண்டியை எடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் தெருக்கள் இப்படித் துண்டுபடுவது 1990-களின் நடுவில் உச்சத்துக்குப் போய், பிறகுதான் குறைந்தது. பக்கத்து இடத்தோடு இணைப்பு வைக்காத புதுத் தெருக்களை மாநிலப் பராமரிப்பில் ஏற்பதில்லை என்று வர்ஜீனியா 2009-இல் விதியே கொண்டுவந்தது. வீட்டை இடித்துக் கட்டலாம், தெருவை அப்படி மாற்ற முடியாது. மெயின் ரோட்டு முனையில் லாரி குறுக்கே நின்றால் ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும்? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைக் கேட்கும்படி மகளிடம் சொல்லுங்கள்.