விருந்தோம்பல் திலகம் பிரிவு 35 அவர்களுக்கு

பெறுநர்: மாண்புமிகு பிரிவு 35 அவர்கள், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சிங்கப்பூர்.
அனுப்புநர்: கணக்கு முடங்கிய ஒருவன், சுவா சூ காங்.

ஐயா,

என் வங்கிக் கணக்கைத் தங்கள் இல்லத்துக்கு விருந்தாட அழைத்துப் போனதற்கு முதற்கண் நன்றி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வழியனுப்ப வந்திருப்பேன். லாட் ஒன் பக்கம் ஒரு கடையில் கீரைக்கட்டு, வெங்காயம், அரைக் கோழி எல்லாம் கல்லாவில் வைத்துவிட்டு அட்டையைத் தட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. "அங்கிள், கேன்னாட் லா" என்றார் கல்லா ஆன்ட்டி. மறுபடி தட்டினேன். பின்னால் நின்றவர்கள் அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்கள். எங்கள் புளோக்குத் தம்பி ஒருவர், "அண்ணே, நான் கட்டிடவா?" என்றார், கடை முழுக்கக் கேட்கும்படி. கோழியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சட்டைப்பையில் கிடந்த சில்லறைக்குக் கீரையோடு வந்தேன்.

நடந்தது இவ்வளவுதான். பழைய ஐஸ்பெட்டியை இணையத்தில் விற்றேன். வாங்கியவர் பேநவ்வில் 150 வெள்ளி போட்டார். அது யாரிடமோ மோசடியாகச் சுருட்டிய காசாம். அந்த 150 வெள்ளியை மட்டும் தாங்கள் அழைத்திருக்கலாம். ஆனால் விருந்தென்றால் குடும்பத்தோடு அழைப்பதல்லவா முறை? என் சம்பளம், சேமிப்பு, மகளின் பள்ளிச் செலவுக்கு வைத்தது எல்லாம் இப்போது தங்கள் திண்ணையில்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது எங்கள் பக்கத்துக் கஞ்சர்கள் கணக்கு. கைப்பற்றியதை நீதிமன்றத்தில் சொல்ல, தங்கள் சொந்தக்காரர் பிரிவு 370 ஓராண்டு வரை அவகாசம் தருகிறார். இந்தியாவில் உடனே நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். விருந்தோம்பத் தெரியாத நாடு. 2025 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள தங்கள் தம்பி, அதுதான் மோசடியிலிருந்து பாதுகாக்கும் சட்டம், ஏமாறப் போகிறவரின் கணக்கை ஒரு தடவைக்கு 30 நாள்தான் நிறுத்தி வைக்கிறார். ஐந்து முறை நீட்டிக்கலாம். சின்னப் பையன், இன்னும் நாள் எண்ணுகிறார்.

நீதிமன்றம் மனம் வைத்தால் சாப்பாடு, வாடகை, மருந்துக்கு என் காசிலிருந்தே எனக்குக் கிடைக்குமாம். வழக்குரைஞர் கட்டணத்துக்கும் உண்டாம். அதைக் கேட்க முதலில் ஒரு வழக்குரைஞரைப் பிடிக்க வேண்டும் போல.

2024இல் மட்டும் மோசடிக்காரர்கள் இந்த ஊரில் 1.1 பில்லியன் வெள்ளிக்கு மேல் சுருட்டினார்கள். பிடியுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் நான் யாரை ஏமாற்றினேன்? என் மேல் குற்றச்சாட்டு இல்லை. அதனால் விடுதலையும் இல்லை. நான் ராத்திரி ஷிப்டு பார்த்துச் சேர்த்த காசைத் தொட ஒரு சந்தேகம் போதும். அதைத் திரும்பக் கேட்க மட்டும் நான் கைகட்டி நிற்க வேண்டுமா? வெட்கமாக இல்லை?

மன்னிக்கணும். விருந்து நடக்கிற வீட்டில் குரலை உயர்த்திவிட்டேன்.

தாங்கள் தயாளர். ஆகவே ஒரு விண்ணப்பம். அந்த 150 வெள்ளியைத் தாங்களே வைத்திருங்கள், எத்தனை நாள் வேண்டுமானாலும். மிச்சத்தை அனுப்பிவையுங்கள். முடியாதென்றால் தங்கள் தம்பியைப் போல நாள் எண்ணி, 30 நாளுக்குள் நீதிபதி முன்னால் காரணம் சொல்லுங்கள். நானும் வந்து என் தரப்பைச் சொல்கிறேன். மாதக் கடைசியில் வீட்டுக் கடன் தவணை ஜிரோவில் இதே கணக்கிலிருந்துதான் போகிறது.