டி.சி. வாங்கலாமா?

தாய்மாமன் என்பது பொறுப்பு மிகுந்த பதவி. காதுகுத்துக்கு மடி கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட முடியாது. அன்றைக்கு மடியில் உட்கார்ந்து வீறிட்ட குழந்தை வளர்ந்து, பி.ஏ. முதலாண்டு முடித்து, "மாமா, நான் காலேஜ் மாறட்டுமா?" என்று கேட்கும். அதற்கும் நாம்தான்.

அக்கா மகள் படிப்பது திண்டுக்கல்லில், ஆங்கில இலக்கியம். வகுப்பில் முதல் மாணவி. பட்டம் வாங்கியதும் மூன்றாண்டு எல்.எல்.பி. சேர்ந்து கறுப்புக் கோட்டு மாட்ட வேண்டும் என்பது அவள் திட்டம். இதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. வீட்டில் அவளை எதிர்த்து இதுவரை யாரும் வழக்கு ஜெயித்ததும் இல்லை. இடையில், சென்னையில் பெரிய பெயர் உள்ள ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்கு ஓர் இடம் காலி என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

மச்சான் அன்றே ஹாஸ்டல் பார்க்க வைகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுவிட்டார். "தலப்பாக்கட்டி பிரியாணியே மெட்ராஸுக்குப் போன பிறகுதான்டா பெரிய ஆளாச்சு" என்றார். 1957-இலிருந்து இங்கேயே வெந்து பக்குவமான பிரியாணி அது. போகும்போதும் திண்டுக்கல் பெயரை விடாமல் தூக்கிக்கொண்டுதான் போனது. இதைச் சொன்னதும் ஹைதர் அலியை இறக்கினார். 1755-இல் திண்டுக்கல்லுக்கு ஃபவுஜ்தாராக, அதாவது படைத்தலைவராக, வந்தவர், இங்கேயே இருந்திருந்தால் மலைக்கோட்டையைச் சுற்றிக்கொண்டு கிடந்திருப்பார். ஆறே வருஷத்தில் மைசூரே அவர் கையில். உண்மைதான். ஆனால் ஹைதர் அலி யாரிடமும் தடையில்லாச் சான்று வாங்க வேண்டியிருக்கவில்லை.

இவளுக்கு வேண்டும். இந்த முதல்வர் போகலாம் என்று சொல்ல வேண்டும், அந்த முதல்வர் வரலாம் என்று சொல்ல வேண்டும், பிறகு இரண்டு பல்கலைக்கழகங்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டமும் கேள்வித்தாளும் அவர்களே வகுப்பது. இவள் இங்கே எழுதி முடித்த பேப்பர் அங்கே இருக்காது. அங்கே முதலாண்டில் இருந்த பேப்பரை இரண்டாம் ஆண்டுச் சுமையோடு சேர்த்து எழுத வேண்டும்.

"அது சரி, சட்டக் கல்லூரியில சீட்டு எதை வச்சுக் குடுக்குறாங்க?" என்று கேட்டேன். சபையில் சத்தமே இல்லை. ஹாஸ்டல் சாப்பாடு வரை விசாரித்தவர்கள் இதை விசாரிக்கவில்லை.

தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் படிப்புக்கு நுழைவுத்தேர்வு கிடையாது. பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்து, இட ஒதுக்கீட்டின்படி அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் தரவரிசை போடுகிறது. நீங்கள் மெரினா காற்று வாங்கிப் படித்தீர்களா, நாகல்நகர் புழுதியில் படித்தீர்களா என்பது அந்தப் பட்டியலுக்குத் தெரியாது. 85 என்றால் 85. சென்னையில் மகா புத்திசாலிகளுக்கு நடுவே உட்கார்ந்து, கறாராகத் திருத்துகிறவர்களிடம் 68 வாங்கினால், 'பாவம், நல்ல கல்லூரி' என்று பக்கத்தில் யாரும் குறிப்பு எழுத மாட்டார்கள்.

"பெங்களூரு?" என்றார் மச்சான், பின்வாங்காமல். அங்கே தேசிய சட்டப் பள்ளி 2022 முதல் மூன்றாண்டு எல்.எல்.பி. நடத்துகிறது, ஆனால் நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் அப்படித்தான். ஆக, கல்லூரியின் பெயர் நேரடியாகப் பலன் தரும் இடம் கல்யாண வீட்டுப் பந்தி ஒன்றுதான். சட்டம் என்றால் சென்னைதான் என்று அக்கா முனகினாள். 1891-இல் தொடங்கிய சென்னைச் சட்டக் கல்லூரியே 2018-இல் உயர் நீதிமன்ற வளாகத்தைக் காலி செய்துவிட்டு, பாதி புதுப்பாக்கத்துக்கும் பாதி பட்டரைப்பெரும்புதூருக்குமாகப் போய்விட்டது என்றேன். அது போகலாம், அதற்கு மார்க் வாங்க வேண்டியதில்லை.

இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தவள் வாயைத் திறந்தாள். "இங்க நான் எது சொன்னாலும் கிளாஸே தலையாட்டுது மாமா. எதிர்த்துப் பேச ஒருத்தர் இல்ல. இப்படி இருந்தா கோர்ட்ல போய் நான் என்ன பண்றது? மார்க்குக்காக இங்கயே இருந்தா, பயந்துக்கிட்டு இருக்கேன்னு அர்த்தம் ஆகாதா?"

அடிமடியில் கைவைக்கும் கேள்வி. தரவரிசையில் இதற்குப் பதில் இல்லை.

"ஆகும்" என்றேன். "ஆனா பயந்தவங்களுக்கும் சீட்டு குடுக்குறாங்கம்மா."

கடைசியில் இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தை இங்கேயே கட்டினாள், ஒரு நிபந்தனையோடு. மதுரையில் எந்தக் கல்லூரியில் பேச்சுப்போட்டி, விவாதப்போட்டி நடந்தாலும் அவளைக் கூட்டிப்போக வேண்டும். பஸ் செலவு தாய்மாமன் பொறுப்பு. மச்சான் அதற்கு உடனே சம்மதித்தார்.

முதல் போட்டிக்குப் போன அன்று, பஸ் சின்னாளபட்டியைத் தாண்டுவதற்குள் குறுக்கு விசாரணை ஆரம்பமாகிவிட்டது.

"சரி மாமா, நீங்க ஏன் சென்னையில போய்ப் படிக்கல? மார்க்கா, பயமா?"

கேள்வி வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்று ஆட்சேபித்தேன். ஏற்கப்படவில்லை.