குத்தும் கம்பளி, குத்தாத கம்பளி

கேள்வி: இரண்டு ஸ்வெட்டரையும் 'அசல் கம்பளி' என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றார். ஒன்று மெத்தென்று இருக்கிறது, மற்றது கழுத்தைப் பிராண்டுகிறது. எது போலி?

பதில்: இரண்டும் அசலாகவே இருக்கலாம். ஆடுகள்தான் வேறு.

கம்பளியின் குணத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இழையின் தடிமன். அதை மைக்ரானில் அளப்பார்கள். ஒரு மில்லிமீட்டருக்கு 1,000 மைக்ரான். சுமார் 30 மைக்ரானைத் தாண்டிய இழை, தோலில் பட்டாலும் வளையாமல் விறைத்து நின்று நரம்பு முனைகளைச் சீண்டும். மெல்லிய இழையோ பட்டதுமே மடங்கிவிடும்.

மெரினோ செம்மறியின் இழை பொதுவாக 24 மைக்ரானுக்குள் அடங்கும். அந்த ஆட்டை வெளிநாட்டுக்கு விடாமல் 18ஆம் நூற்றாண்டு வரை ஸ்பெயின் பொத்திப் பொத்தி வைத்திருந்தது. இன்று மெரினோவுக்குப் பேர்போன நாடு ஆஸ்திரேலியா!

பஷ்மினா இன்னும் மெலிது: 12 முதல் 16 மைக்ரான். அதைத் தருவது செம்மறி அல்ல, லடாக்கின் சாங்தாங் பகுதி வெள்ளாடு. குளிருக்காக மேல்முடிக்கு அடியில் முளைக்கும் பூமயிரை, வசந்தத்தில் சீப்பால் வாரி எடுக்கிறார்கள்.

எல்லா ஆட்டுக்கும் கம்பளி வளர்வதில்லை. சேலம் பக்கத்து மேச்சேரி இனச் செம்மறிக்குக் கம்பளியே கிடையாது, வெறும் முடிதான். சேலத்து வெயிலில் ஸ்வெட்டர் போட்டு அலைய அதற்கென்ன தலையெழுத்தா? தமிழ்நாட்டில் மென்கம்பளிக்கு நீலகிரி இனம் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: மெத்தென்ற ஸ்வெட்டரை வெந்நீரில் போட்டுக் கசக்கினால், இழைமேல் உள்ள நுண்செதில்கள் ஒன்றையொன்று கொக்கி போட்டு இறுக்கிக்கொள்ளும். தாத்தா போட்டது அடுத்த வாரமே பேரனுக்குக் கச்சிதமாக இருக்கும்.