பழுப்பா, பச்சையா?

நவம்பரில் இங்கிலாந்தின் டெல்ஃபோர்டில் ஸ்கேல் மாடல்வேர்ல்டு கண்காட்சி நடக்கும். அங்கே இவரைத் தேடவே வேண்டாம். நெற்றியில் ஏற்றிவிட்ட பூதக்கண்ணாடி, சட்டைப்பையில் சாமணம், விரல் நுனியில் காய்ந்துபோன சூப்பர் க்ளூ. முதல் உலகப்போர் விமானங்களின் மாடல் செய்பவர். பொம்மை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், மனிதர் சுருங்கிவிடுவார்.

அடுத்தவர் செய்த விமானத்தைப் பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரி குனிந்து, நிமிர்ந்து, சுற்றிவந்து பார்ப்பார். "அருமை" என்பார். செய்தவர் சந்தோஷப்பட வாயெடுப்பதற்குள், "ஆனால் இந்த எண்ணுள்ள சோப்வித் கேமல் விமானத்தில் இருந்தது பென்ட்லி என்ஜின். நீங்கள் கிளெர்ஜே வைத்திருக்கிறீர்களே?" என்பார். அதோடு அவர் கடமை முடிந்தது.

சாப்பாட்டு மேசையிலும் விமானம்தான். "சோப்வித் கேமலில் புரொப்பெல்லரோடு சேர்ந்து என்ஜினும் சுற்றும், தெரியுமோ? மசகுக்கு ஊற்றியது விளக்கெண்ணெய். அது சிதறி விமானியின் வாயிலும் போகும்." பேதிக்குக் கொடுக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம். ஆனால் அவர் விளக்குவார், சூப் ஆறும்வரை. யாராவது ஜெர்மானியப் போர்விமானி ரிக்ட்ஹோஃபன் பெயரை எடுத்தால் தொலைந்தது. ரிக்ட்ஹோஃபன் வீழ்த்திய 80 விமானங்களில் பெரும்பாலானவை அந்தப் புகழ்பெற்ற மூவடுக்கு இறக்கை ஃபோக்கரில் ஏறி வீழ்த்தியவை அல்ல என்பதை நிறுவாமல் யாரையும் எழுந்திருக்க விடமாட்டார்.

வேலை என்று உட்கார்ந்தால் தவம். நிஜக் கேமலின் இறக்கை 28 அடி. 72-இல் ஒரு பங்கு அளவில் 12 சென்டிமீட்டர்கூட வராது. அதற்குள் மேலிறக்கைக்கும் கீழிறக்கைக்கும் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக்கட்டும் கம்பிகள் அத்தனையும் வர வேண்டும். ஊசிமுனைத் துளை, அதில் மயிரிழை நைலான் நூல், அதன்மேல் ஒரு பொட்டுப் பசை. மூச்சுவிட்டால் நூல் ஆடும். மூச்சை அடக்கிக் கடைசி நூலை இழுத்துப் பிடித்து நிமிர்வார். ஆள்காட்டி விரலோடு மேலிறக்கையும் கூடவே வரும்.

அதுகூடப் பரவாயில்லை. வண்ணம் பூச வேண்டுமே! அந்தக்கால பிரிட்டிஷ் விமானத் துணிக்குப் பூசியது பிசி10. மஞ்சள் காவியும் புகைக்கரியும் சேர்ந்த கலவை. அது பழுப்பா, பச்சையா என்பதில் இவர் கூட்டத்துக்குள் தீராத வழக்கு. இதனாலேயே நண்பர் ஒருவரோடு பேச்சுவார்த்தை இல்லை. போர்க்காலத் தொழிற்சாலைகள் 5,000-க்கும் மேல் கேமல்களைக் கட்டித் தள்ளின; அங்கே வாளியில் வந்ததைப் பூசி அனுப்பியிருப்பார்கள். இவரோ ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு தீர்ப்புக்குக் காத்திருக்கிறார். பிரிக்காத பெட்டிகள் பரணில் ஏறிக்கொண்டே போகின்றன.

போன வாரம் மனைவி வண்ண அட்டையை நீட்டினார். "ஹாலுக்கு எந்தப் பச்சை அடிக்கலாம், சொல்லுங்கள். ஏழு இருக்கிறது."

பூதக்கண்ணாடியை இறக்காமலே சொன்னார்: "எல்லாம் ஒன்றுதானே! ஏதாவது அடித்துவிடு."