ஒலக்கை எந்தக் கட்சி?

வாங்க ரண்டு பேரும். செருப்ப அக்கட்ட கழட்டிப்போட்டு ஏறி உக்காருங்க. ஒருத்தன் திண்ணையில அந்தக் கோடி, ஒருத்தன் இந்தக் கோடி. நடுவுல நான் படுத்துக்கறேன். இல்லீன்னா போன தடவையாட்டம் நாயம் கைகலப்புல போயி நிக்கும்.

மகன் வயித்துப் பேரன் கருப்புச் சட்டை, அவனுக்கு நான் அப்பாரு. மக வயித்துப் பேரன் நெத்தி முச்சூடும் திருநீறு, அவனுக்கு நான் அப்புச்சி. கடவுள் இருக்காரா இல்லையான்னு நீங்க இந்தத் திண்ணையில பேச ஆரம்பிச்சு வருசம் ஆறாச்சு. அதுக்குள்ள நான் ரண்டு கண்ணுக்கும் ஆப்பரேசன் பண்ணிக்கிட்டேன், தென்னைக்குச் சொட்டுநீரு போட்டேன், ஒரு எருமைய வித்து இன்னொரு எருமை வாங்கிட்டேன். உங்க நாயம் மட்டும் கட்டுன முளையிலயே சுத்திக்கிட்டு கெடக்குது.

எல்லாம் அந்த 2019 டிசம்பர் 26-ல புடிச்ச வம்பு. வியாழக்கிழமை. கோயமுத்தூரு, திருப்பூரு, ஈரோடு, கரூரு, திண்டுக்கல்லுன்னு நம்ம பக்கத்து வழியாவே வளையக் கெரகணம் போச்சு. காலையில எட்டு மணிக்கு மேல புடிச்சது, பதினொண்ணு தாண்டித்தான் விட்டுச்சு. ஒன்பதரை வாக்குல மூணு நிமிசம் சூரியன் பொன் வளையலாட்டம் நின்னான். நானும் பாத்தேன். அறிவியல் இயக்கத்துப் பசங்க குடுத்த காயிதக் கண்ணாடிய மாட்டிக்கிட்டுத்தான் பாத்தேன். எம்பது வயசுல அப்படி ஒண்ணப் பாத்துப்போட்டு வாய் பொளந்து நிக்கறேன், பின்னால நீங்க ரண்டு பேரும் மேல பாக்காம ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக் கத்திக்கிட்டு இருக்கறீங்க. அந்த மூணு நிமிசத்துலயும் கத்துனீங்கடா.

என்னத்துக்குக் கத்துனீங்க? ஒலக்கைக்கு. உங்கப்பத்தா வட்டல்ல மஞ்சத்தண்ணி ஊத்தி நடுவுல ஒலக்கையச் செங்குத்தா நிறுத்துனா. நின்னுச்சு. கெரகணம் இருக்கற வரைக்கும் நிக்கும், விட்டதும் விழுந்துரும்னு அவ அத்தை சொன்னது, அந்த அத்தைக்கு அவங்கத்தை சொன்னது. திருநீறு உடனே போட்டோ புடிச்சு ஊரு முச்சூடும் அனுப்புச்சுட்டான், ‘நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல’ன்னு அடியில எழுதி. ஏஞ்சாமி, முன்னோரு முட்டாளுன்னு சொன்னது ஆரு? ஒலக்கையா?

கருப்புச் சட்டை, நீ சொன்னது சரி. எந்த நாளு வெச்சாலும் ஒலக்கை நிக்கும்னே. நிக்கும்தான். நூறு வருசம் இடிச்சு இடிச்சு அடி தட்டையா தேஞ்ச ஒலக்கை, பூண் வேற போட்டிருக்குது, சமதரை, பதறாத கை, வேறென்ன வேணும்? ஆனா அடுத்த நாள் நிறுத்திக் காட்டுறான்னேன். மூணு தடவை வெச்சே, மூணு தடவையும் உழுந்துச்சு. முந்தின நாளுக் கோவம் கையில இருந்தா ஒலக்கை எப்படி நிக்கும்? திருநீறு கைதட்டிச் சிரிச்சான். நாலாந்தடவை நீ வெக்கவே இல்ல. ‘விஞ்ஞானம் சொல்லுது’ன்னு எந்திரிச்சுப் போயிட்டே. விஞ்ஞானம் ஒண்ணும் சொல்லாது கண்ணு, வெச்சுப் பாருங்கும். ‘பெரியவங்க சொல்லியிருக்காங்க’ங்கறது அவன், ‘விஞ்ஞானம் சொல்லுது’ங்கறது நீ. ரண்டு பேரும் மாத்திச் சொல்லிக்கிட்டாக்கூட எனக்கு வித்தியாசம் தெரியாது.

கெரகணம் விட்டதும் ஒலக்கை உழுந்துச்சேன்னு இன்னமும் திருநீறு பேசறான். உழுகல. பதினொண்ணேகாலுக்கு மேலயும் அது பாட்டுக்கு நின்னுக்கிட்டு இருந்துச்சு. உங்கப்பத்தாளுக்கு உலை வெக்க நேரமாயிருச்சு, கால் பெருவெரலால ஒரு இடி இடிச்சா. நான் பாத்துப்போட்டேன்னு அவளுக்குத் தெரியும். அறுபது வருசம் குடித்தனம் பண்ணுன மனுசன் இதையெல்லாம் வெளிய சொல்லுவானா? இன்னைக்குத்தான் சொல்றேன், அவ சந்தைக்குப் போயிருக்கறா.

அன்னைக்கு உள்ரூம்புல ஒருத்தி இருந்தாளே, நெனப்பிருக்குதா? திருநீறோட அக்கா. ஏழு மாசம். சன்னலுக்குக் கம்பளி போட்டு மூடி, வெத்தலைபாக்குக்கூட வெட்டக் கூடாது, நகம் கடிக்கக் கூடாது, சோறு தண்ணி கூடாதுன்னு ஒக்கார வெச்சுட்டாங்க. புள்ளைக்கு உதடு பொளந்துருமாம். வெடியால ஆறு மணிக்குக் குடிச்ச ஒரு டம்ளர் காப்பியோட இருக்கறா. வாசல்ல இருக்கற தம்பிக்காரன் ராகு எப்படி முழுங்கறான்னு சொல்லிக்கிட்டு இருக்கறான். பகுத்தறிவுக்கார மச்சான் பஸ் ஸ்டாண்டுல கெரகணத்துல திங்கற போராட்டத்துல எட்டு இட்லி தின்னுபோட்டு, ஏப்பத்தோட வந்து பெண்ணடிமைத்தனத்தப் பத்திப் பேசறான். அந்த எட்டுல ரண்டப் பொட்டலம் கட்டி சன்னல்ல நீட்டலாம்னு உனக்குத் தோணுச்சா?

நான் என்ன பண்ணுனேன்னு உங்க ரண்டு பேருக்கும் தெரியாது. தோட்டத்து வரப்புல போயி நாலு அருகம்புல்லு புடுங்குனேன். இட்லி மேல போட்டேன். ‘இது தர்ப்பை, தர்ப்பை போட்ட பண்டத்துக்குத் தோசமில்ல, சாஸ்திரத்துலயே இருக்குது’ன்னு உங்கப்பத்தாகிட்டச் சொல்லிப்போட்டு உள்ள தாட்டி விட்டேன். சாஸ்திரத்துல இருக்கறது நெசந்தான், தர்ப்பைங்கறதுதான் பொய்யி. அஞ்சு இட்லி தின்னா. புள்ளை மூணு கிலோவுல பொறந்துச்சு, உதடு செப்பாட்டம். அதுக்குக் கருப்புச் சட்டை என்ன சொன்னான்? ‘பாத்தீங்களா, கெரகணத்துல தின்னா ஒண்ணும் ஆகாது, பகுத்தறிவு ஜெயிச்சுது.’ திருநீறு? ‘தர்ப்பையோட மகிமை.’ அருகம்புல்லு மாடு திங்கறதுடா!

சரி, கருப்புச் சட்டை, உன்னைய ஒண்ணு கேட்டேனே அன்னைக்கு, இன்னைக்காச்சும் பதில் வெச்சிருக்கறியா? நெலா குறுக்க வர்றதுதான் கெரகணம்னே. ஒத்துக்கிட்டேன். அப்ப மாசாமாசம் அமாவாசை வருதே, மாசாமாசம் ஏன் கெரகணம் வரல? முழிச்சே. ராகுவக் கும்பிடறவளப் பாத்து அந்தச் சிரிப்புச் சிரிச்சவன், இதுக்குத் தலையச் சொறிஞ்சே.

வாத்தியாரு எனக்குச் சொன்னத உனக்குச் சொல்றேன். பூமி சூரியனச் சுத்தற தடமும், நெலா பூமியச் சுத்தற தடமும் ஒரே மட்டமில்ல. அஞ்சு டிகிரி சாஞ்சிருக்குது. ரண்டு வட்டத்தச் சாச்சு வெச்சா ரண்டு எடத்துல வெட்டிக்குமல்ல? அமாவாசைக்கு நெலா அந்த வெட்டுக்கிட்ட இருந்தாத்தான் சூரியன மறைக்கும். இல்லீன்னா மேலயோ கீழயோ போயிரும். அந்த ரண்டு வெட்டுக்கும் பஞ்சாங்கக்காரன் வெச்ச பேரு என்ன தெரியுமா? ராகு, கேது.

ஏ திருநீறு, குதிக்காத. உக்காரு. கணக்குப் போட்டவன் கெட்டிக்காரன், அதுல உனக்கென்ன பங்கு? 499-லயே ஆரியபட்டரு கெரகணம் நெழலால வருதுன்னு எழுதிவெச்சுட்டாரு. அப்புறமும் முழுங்கறான், கக்கறான்னு சொல்லிக்கிட்டுத் திரியறது நீதானே? 1825-ல வாரன்னு ஒரு வெள்ளக்காரரு பாண்டிச்சேரியில ஒரு பஞ்சாங்கக்காரரப் புடிச்சு, சந்திர கெரகணத்தக் கணிச்சுக் காட்டச் சொன்னாரு. காயிதமில்ல, பேனாவுமில்ல. தரையில சோழியப் பரப்பி, வாய்ப்பாட்டயெல்லாம் மனப்பாடமாச் சொல்லிச் சொல்லி, சோழிய நகத்தி நகத்தியே கணக்குப் போட்டுட்டாரு. ஆரம்பம் 4 நிமிசந்தான் பெசகு. நடு 23 நிமிசம், முடிவு 52 நிமிசம். நம்மூரு டவுன் பஸ்ஸு இதவிட எச்சா பெசகும். அந்த மனுசன் ராகுவுக்கு அரிசி போட்டாரா போடலையான்னு வாரன் கேக்கல. சோழி எப்படி நகருதுன்னு பாத்து எழுதிக்கிட்டாரு. உன்னைய ஒலக்கைய விட்டுப்போட்டு சோழியக் கத்துக்கடான்னா, ‘நாசாவே சொல்லிருச்சு அப்புச்சி’ங்கறே.

நாசா! அந்தப் பேச்சுத்தான் எனக்கு ஆகாது. திருநள்ளாறுக்கு மேல போறப்ப செயற்கைக்கோளெல்லாம் சித்த நேரம் நின்னு போகுதாம், நாசா மெரண்டு போச்சாம். எவனோ கெளப்பி விட்டது, நாசா அப்படி ஒண்ணும் சொல்லல. அந்த வேகத்துல போறது நின்னா தலையில வந்து உழுகுமேடா! சனீஸ்வரன் மேல உனக்கு நம்பிக்கை இருந்தா அமெரிக்காக்காரன்கிட்ட எதுக்குச் சர்ட்டிபிகேட் கேக்கறே? என்ற ஆத்தாளுக்குச் சாமி மேல இருந்த தெகிரியம் உனக்கில்ல. அவ கும்பிட்டா, அவ்வளவுதான். மஞ்சள்ல கிருமி சாகும், மெட்டி போட்டா நரம்பு அமுங்கும், கலசம் இடி தாங்கும்னு காரணம் தேடிக்கிட்டுத் திரியல. காரணஞ் சொல்லிக் கும்பிடற மொதல் தலைமுறை நீதான்.

அப்புறம் சிதம்பரம். ஒலகத்துக் காந்த நடுக்கோட்டுக்கு நடுப்புள்ளி அங்கதான் இருக்குதுன்னு சொன்னே. அந்தக் கோடு பூமியச் சுத்தி வருது. கெணத்துச் சொவத்தச் சுத்தி ஒரு கோடு போட்டுட்டு அதுக்கு நடு எங்கன்னு கேட்டா எங்க காட்டுவே? அதுவும் வருசத்துக்கு வருசம் நகருதாம். நம்ம தெக்குச் சீமை வழியா போகுதுங்கறது மட்டும் நெசம். அதுக்காவத்தான் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்துல தும்பாவுல ராக்கெட்டு விட எடம் பாத்தாங்க. பாத்த எடத்துல மீன் புடிக்கறவங்க கும்பிடற மகதலேனா மரியா சர்ச்சு. விஞ்ஞானி சாராபாய் போயி பிஷப் பெரைராகிட்டக் கேட்டாரு. பிஷப் சனங்கள வெச்சே கேட்டாரு, குடுத்துடலாம்னாங்க. சர்ச்சு ஆபீசாச்சு, பிஷப் ஊடு பட்டறையாச்சு, சாமான சைக்கிள்ல வெச்சு உருட்டிக்கிட்டுப் போனாங்க. 1963 நவம்பர் 21-ல மொத ராக்கெட்டு போச்சு. கடவுள் இருக்காரா இல்லையான்னு பேசித் தீத்துப்போட்டு விடலாம்னு இருந்திருந்தா அது இன்னமும் சைக்கிள் கேரியர்லதான் இருக்கும்.

கருப்புச் சட்டை வாய்க்குள்ள சிரிக்கறான். திருப்பதிக்கு இஸ்ரோக்காரங்க ராக்கெட்டு பொம்மையத் தூக்கிக்கிட்டுப் போறாங்களேன்னு சொல்லத்தான வர்றே? போறாங்க. போகட்டும், அவங்க கணக்கையும் போட்டுட்டுத்தான் போறாங்க. நான் அதுக்குச் சிரிக்க மாட்டேன், இதுக்குச் சிரிப்பேன். 2009-ல பிஎஸ்எல்வி சி-12 விட்டாங்க, அடுத்து விட்டது சி-14. பதிமூணு எங்க போச்சுன்னு அவங்களுக்குத்தான் வெளிச்சம். ராகுகாலமாச்சும் நம்மூட்டுச் சரக்கு, பதிமூணுக்குப் பயப்படறது வெள்ளக்காரன் பழக்கம்டா. கெட்ட நேரத்தக்கூடவா எறக்குமதி பண்ணுவாங்க?

சிவன்மலைக்கு நானும் போறேன். மலைமேல உத்தரவுப் பெட்டியயும் எட்டிப் பாப்பேன். எவனோ ஒரு பக்தன் கனவுல ஆண்டவன் வந்து இன்னதக் கொண்டுபோயி வையின்னு சொல்லுவாராம், பூப்போட்டுக் கேட்டுட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெப்பாங்க. தண்ணி வெச்சாங்க சுனாமி வந்துச்சு, மண்ணு வெச்சாங்க காட்டு வெலை ஏறுச்சும்பாங்க. நானும் வருசக்கணக்கா கேட்டுப் பாக்கறேன், வெக்கற அன்னைக்கு இன்னது நடக்கும்னு சொன்ன ஆளு ஒருத்தனில்ல. நடந்து முடிஞ்ச மக்யாநாளு ஊரே சோசியக்காரன். தண்ணி வெச்சு மழை பேஞ்சாலும் சரி, பேயாட்டியும் சரி.

இதச் சொன்னதுக்குக் கருப்புச் சட்டை தொடையத் தட்டிச் சிரிச்சான். மறுநாளே வந்து, ‘செல்போன் வரும்னு பெரியார் அய்யா அன்னைக்கே இனிவரும் உலகத்துல எழுதிட்டாரு’ன்னான். அட, இது எந்தப் பெட்டிடான்னேன். கோவிச்சுக்கிட்டான். ‘அய்யா கனவு கண்டு சொல்லல அப்பாரு, மிசினு வளர்றதப் பாத்து ரோசனை பண்ணிச் சொன்னாரு. அதுவும் நடக்கறதுக்கு முன்னாலயே’ன்னான். அந்தப் பதில் நல்ல பதில். நான் மேல பேசல. பேசாம இருந்ததுல அவனுக்குத்தான் ஏமாத்தம், இன்னொரு மணி நேரத்துக்குச் சரக்கு வெச்சிருந்தான்.

ஆனா ஒண்ணு கண்ணு. அந்தப் பெரியவரு ஈரோட்டுல தேவஸ்தானக் கமிட்டித் தலைவரா இருந்தவரு. உள்ள என்ன நடக்குதுன்னு கணக்குப் புஸ்தகத்தோட தெரியும். திட்டுனா எங்க திட்டுனா வலிக்கும்னும் தெரியும். நீ படி ஏறாமயே திட்டறே, எவனுக்கும் வலிக்கல. உங்கப்பத்தா உன்ற பேச்சக் கேட்டு என்ன சொல்றா தெரியுமா? ‘பாவம், புள்ளைக்கு சனிதெசை.’

இன்னொரு வளையக் கெரகணம் 2031 மே 21-ல வருதாம். இந்தத் தடவை தெக்க, தேனி, மதுரைப் பக்கம். நமக்கு முழு வளையம் கெடைக்காது. நான் இருக்கறனோ இல்லையோ, காயிதக் கண்ணாடி பீரோவுல இருக்குது. கீறல் உழுந்திருந்தா போடாதீங்க, புதுசு வாங்கிக்கங்க.

அட, ஆரு அது வாசல்ல? நம்ம குட்டிதான். அஞ்சு இட்லியில பொறந்தவ. பள்ளிக்கூடம் விட்டு வந்துட்டா. நேத்துப் பொழுதோட இவளும் நானுமா ஒலக்கைய நிறுத்துனோம். மொதத் தடவை உழுந்துச்சு, ரண்டாந்தடவை உழுந்துச்சு, மூணாந்தடவை மூச்சப் புடிச்சுக்கிட்டு வெச்சா, நின்னுச்சு. மானத்தப் போயி அண்ணாந்து பாத்துட்டு வந்து, ‘அப்புச்சி, சூரியன் நல்லாத்தான இருக்குது, அப்ப ஒலக்கை ஏன் நிக்குது?’ன்னு கேட்டா.

பதில் சொல்லல. உங்க மாமனுங்க ரண்டு பேரும் நாளைக்கு வருவாங்க, அவங்களக் கேளுன்னு சொல்லியிருக்கறேன். வட்டலும் ஒலக்கையும் எடுத்துக்கிட்டு வர்றா பாருங்க. ரண்டு பேரும் கால மடக்கிக்கங்க, அவளுக்கு எடம் வேணும்.