தலைகீழ் மலை

சனிக்கிழமை விடியற்காலையில் "சும்மா ஒரு நடை போய்வருவோமா?" என்று வாட்ஸப்பில் ஓர் அண்ணா கேட்டால், சிட்னியின் வென்ட்வர்த்வில் தமிழர்களுக்கு அது நீல மலைகளிலுள்ள கட்டூம்பாதான். திடீர்த் திட்டம் என்பதால் புளிச்சாதமும் மடக்கு நாற்காலியும் முந்தின இரவே காரில் ஏறியிருக்கும்.

பழனியில் முதலில் கஷ்டம், பிறகு முருகன். கட்டூம்பாவில் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில், உச்சியிலேயே காரை நிறுத்திவிட்டு மலையில் இறங்க வேண்டும். 'மூன்று சகோதரிகள்' பாறையருகே தொடங்கும் ஜயண்ட் ஸ்டேர்வே 1932-இல் திறக்கப்பட்டது. 800-க்கும் மேற்பட்ட படிகள். இறங்குகையில் எல்லோரும் வீரர்கள். எதிரே, கம்பியைப் பிடித்துக்கொண்டு நாக்குத் தள்ள ஏறிவரும் வெள்ளைக்காரரிடம் "இன்னும் கொஞ்சம்தான்" என்று கூசாமல் ஒரு பொய். பாதி வழியில் அண்ணாவின் முழங்கால் தனியாகப் பேச ஆரம்பிக்கும்.

அடிவாரக் காட்டுப் பாதையில் நடந்தால் சீனிக் ரயில்வே வரும். நிலக்கரி ஏற்றப் போட்ட தடம், 52 டிகிரி சரிவு. நிலக்கரி டிக்கெட் எடுக்கவில்லை. நாம் எடுக்க வேண்டும். விலையைப் பார்த்து அண்ணா வந்த வழியைத் திரும்பிப் பார்ப்பார். அண்ணி அதற்குள் வரிசையில் நின்றிருப்பார்.

மேலே வந்து சேர்ந்ததும் ஃபேஸ்புக்கில் படம் ஏறும்: "இன்றைய மலையேற்றம்!"