மணிக்கட்டு வித்தை

மழைக்கு அரை மணி நேரம் முன்னால்தான் எங்கள் கேப்டனுக்கு என் ஞாபகம் வரும். மத்தியானம் தாண்டி, ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளின் மேல் மேகம் கறுத்ததும், "அண்ணே, ரெண்டு ஓவர் போடுங்க லா" என்பான். வேகப்பந்து போடும் பையன்களுக்கு மூச்சிரைக்கிறது, எதிரணிக்கு வேண்டிய ரன்னோ கொஞ்சம்தான், இனி யார் போட்டால் என்ன என்று தெளிந்த பிறகு காட்டப்படும் மரியாதை இது.

ஆட்டம் நடப்பது ஈப்போ பாடாங்கில். ஒரு பக்கம் 1895-இல் தொடங்கிய ராயல் ஈப்போ கிளப், இன்னொரு பக்கம் செயின்ட் மைக்கேல்ஸ் பள்ளிக்கூடம். ஈயச்சுரங்கத் துரைகளும் எஸ்டேட் துரைகளும் வெள்ளைக் கால்சட்டையில் ஆடிய திடல். இன்று அங்கே ஓடி விழுகிறவர்கள், அந்தத் துரைகளின் பெரட்டில் பெயர் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள். சுங்கை சிப்புட், செம்மோர் பக்கத்துப் பால்மரக் காடுகள் செம்பனையாகவும் தாமான் குடியிருப்புகளாகவும் மாறியதும் டவுனுக்கு வந்துவிட்டோம். ஒருவர் லாரி ஓட்டுகிறார், ஒருவர் வாத்தியார், ஒருவர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். பேட்ஸ்மேனின் மூக்குக்குக் கீழே சில்லி பாயிண்டில் நிற்க, இன்சூரன்ஸ்காரரைத்தான் அனுப்புவோம்.

நான் ஸ்பின் போட வந்ததற்கு அப்பா காரணம். பால் வெட்டுகிறவனுக்கு மணிக்கட்டுதான் சொத்து என்பார். விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய்ப் பட்டையை மெலிசாக, சரிவாகச் சீவ வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், கங்காணியிடம் ஏச்சு. மேலோடு போனால் பால் ஏந்தும் மங்கில் ஒன்றும் விழாது. "அந்தக் கை உனக்கும் வந்திருக்கும்டா" என்று கடைசிவரை நம்பினார். தோட்டத்தில் எங்களுக்கு வாய்த்த பந்து, ஒட்டுப்பாலை இழை இழையாகச் சுற்றிச் செய்தது. தரையில் பட்டால் அது எந்தத் திசைக்குப் போகும் என்று போட்டவனுக்கும் தெரியாது, அடிப்பவனுக்கும் தெரியாது. லயத்துப் பிள்ளைகள் என்னை மாயாவி என்றார்கள். தோல் பந்தைத் தொட்ட பிறகுதான், மாயமெல்லாம் ஒட்டுப்பாலில் இருந்திருக்கிறது என்று தெரிந்தது.

மழை விஷயத்தில் மட்டும் அப்பாவின் தொழிலும் என் தொழிலும் ஒத்துப்போகவில்லை. மழை பெய்தால் பால் வெட்ட முடியாது, அவருக்கு அன்றைய கூலி போச்சு. எனக்கோ மழை பெய்தால்தான் மானம் மிஞ்சும்.

இலங்கை ஸ்பின்னர் முரளிதரனும் தோட்டத்து வம்சம்தானே என்பது அப்பாவின் அடுத்த வாதம். அது உண்மை. முரளியின் தாத்தா தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். ஆனால் முரளியின் அப்பா பிஸ்கட் கம்பெனி நடத்தினார் என்பதை, மங்கு கழுவிய என் அப்பாவிடம் எப்படிச் சொல்வது? 2010-இல் இலங்கையின் காலி நகர மைதானத்தில் முரளி 800-வது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தபோது ஸ்லிப்பில் அந்தக் கேட்சைப் பிடித்தவர் மஹேல ஜெயவர்த்தன. டெஸ்டில் முரளியின் பந்துக்கு அவர் மட்டுமே 77 கேட்ச் பிடித்திருக்கிறார். என் ஸ்லிப்பில் நிற்பவர் லாரிக்காரர். ஞாயிற்றுக்கிழமையும் முதலாளி அவரைப் போனில் தேடுவார். பேட்டின் விளிம்பில் பட்டு ஒரு பந்து அவரை நோக்கிப் போன அந்த அபூர்வ நொடியில், அவர் "இதோ தாப்பா டவுனைத் தாண்டிட்டேன் பாஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இத்தனைக்கும் நல்ல ஃபீல்டிங் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1932-இல் லார்ட்ஸில் இந்தியா ஆடிய முதல் டெஸ்டிலேயே ஃபிராங்க் வூலியை ரன் அவுட் ஆக்கிய லால் சிங், கோலாலம்பூரில் பிறந்தவர். அந்தக் கொடி ஈப்போ வரைக்கும் படரவில்லை.

போன மாதம் எதிரணியில் ஒரு பாய் இறங்கினார். பாகிஸ்தான்காரர், தொழிற்சாலையில் வேலை, சாது முகம். எனக்கு மரியாதையாக சலாம் வைத்தார். முதல் பந்தை லாங் ஆனுக்கு மேலே அனுப்பினார். பந்து லோங்காங் சாக்கடையில் விழுந்தது. குச்சி விட்டு எடுத்து, புல்லில் புரட்டி, துடைத்துத் தந்தார்கள். சாக்கடை ஈரத்தோடு பந்தை விரலால் முறுக்கிப் பார்த்தவனுக்குத்தான் ஸ்பின்னர் பிழைப்பு என்னவென்று தெரியும். அடுத்த பந்தும் அதே வழியில் போனது.

மூன்றாவது பந்து எனக்கே தெரியாமல் திரும்பி, நடு ஸ்டம்புக்கு நேரே அவர் காலில் பட்டது. நான் கத்திய கத்தலில் பள்ளிக்கூடத்துக் கூரைப் புறாக்கள் எழுந்தன. அம்பயரின் விரல் எழவில்லை. எங்கள் ஆட்டங்களில் அம்பயர் என்பவர் பேட்டிங் அணியின் ஆள்தான். முன்னாலே அவுட் ஆகி வந்தவர், அல்லது பிறகு இறங்கப்போகிறவர். பாடாங் ஓரச் சாலைக்கு எஸ்.பி. சீனிவாசகம் பெயர். அந்தச் சீனிவாசகம் சகோதரர்கள் ஈப்போவில் பேர்போன வழக்கறிஞர்கள். அவர்கள் இருவரும் சேர்ந்து வாதாடியிருந்தாலும் எனக்கு அந்த எல்பிடபிள்யூ கிடைத்திருக்காது.

வேகப்பந்துக்காரன் தன் தோளை நம்புகிறான். ஸ்பின்னர் நம்புவது அடுத்தவன் பேராசையை. ரெண்டு சிக்ஸர் அடித்தவனுக்கு மூன்றாவதும் வேண்டியிருக்கும். அதற்காகத்தான் முதல் ரெண்டையும் கொடுப்பது. இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் அணியில் ஒருவரும் நம்புவதில்லை. பாய் நம்பவைத்தார். நான்காவது பந்துக்கு இறங்கி வந்து ஒரு வீச்சு. பந்து வானத்துக்குப் போய், உயிர்ப் பயத்தில் எல்லைக் கோட்டுக்கு இடம் மாறியிருந்த இன்சூரன்ஸ்காரரின் நெஞ்சில் விழுந்து, கைக்குள் சிக்கியது. எல்லாரும் ஓடிப்போய் அவரைத் தூக்கிக் கொண்டாடினார்கள். பாய் என்னைத் தாண்டும்போது, பந்து வந்து சேர ரொம்ப நேரம் ஆகிவிட்டது என்று மலாயில் குறைப்பட்டுக்கொண்டார். ஸ்கோர் நோட்டில் கேட்ச் பிடித்தவர் பெயர் தகப்பன் பெயரோடு முழுசாக இருக்கிறது. பந்து போட்டவர் என்ற இடத்தில் 'அண்ணே' என்று எழுதியிருக்கிறார்கள்.

அடுத்த ஓவரில் அவர்கள் ஜெயித்துவிட்டார்கள். மழை அதற்குப் பிறகுதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஈப்போ வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சீனிவாசகம் சாலையில், பாடாங்கை ஒட்டிக் காரை நிறுத்துமுன், அண்ணன் பந்து போட்டு முடித்துவிட்டாரா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.